ஆவணியில் கல்யாணம், முன்பல் உடைந்திருக்கிறது: பாண்டிங் பண்ணலாமா?

தம்மாம் தம்பி · ஜூன் 7

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருநெல்வேலி டவுன், பிழைப்பு சவுதியில், தம்மாமில். ஆவணி இரண்டாம் வாரம் எனக்குக் கல்யாணம். பெண் வீடு அம்பாசமுத்திரம். லீவு மொத்தம் 40 நாள். ஊரில் இறங்கிய 18ஆம் நாள் முகூர்த்தம்.

பிரச்சினை பல். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டில் இடதுபக்கத்துப் பல்லின் மூலை உடைந்திருக்கும். 11 வயதில் குறுக்குத்துறைப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தேன். அப்பா அன்றைக்கு "வலிக்குதா?" என்று கேட்டார், ரெண்டு நாளில் வலி நின்றது, அத்தோடு கேஸ் முடிந்தது. இப்போது வயது 30. இந்த 19 வருஷமும் போட்டோ என்றால் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்பேன். நிச்சயதார்த்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு பெண்ணோட சித்தி, "மாப்பிள்ளைக்கு என்ன கோவமா?" என்று கேட்டுவிட்டார்களாம்.

பாண்டிங் (உடைந்த இடத்தில் பல் நிற மருந்தை ஒட்டி வடிவம் கொடுப்பது) பண்ணினால் ஒரே நாளில் பல் முழுசாகிவிடும் என்கிறான் ரூம்மேட். உண்மையா? கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் போக வேண்டும், முந்தின வாரம் போனால் போதுமா? வலிக்குமா? எவ்வளவு ஆகும்? பந்தியில் ஏதாவது கடித்து அது இலையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடை அப்பளம் · ஜூன் 7

எங்கள் ஊர் அப்பளம் சாப்பிடுங்கள், அதற்குப் பல்லே தேவையில்லை. வாழ்த்துகள் மாப்பிள்ளை. பதிலுக்கு நானும் காத்திருக்கிறேன். எனக்கு முன்பல்லில் சந்து. அது அதிர்ஷ்டம் என்பாள் ஆச்சி. 34 வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேலரதவீதி மதினி · ஜூன் 8

தம்பி, நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள்.

என் ரிசப்ஷனுக்கு ரெண்டு நாள் முன்னால் போனேன். முன்பல் ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி, அதை மூட வேண்டும். ஒரு பல்லுக்கு 2,500 ரூபாய் சொன்னார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடித்திருந்தது. ராத்திரி 8 மணி, டியூப் லைட் வெளிச்சம்.

மறுநாள் காலையில் வாசலில் கோலம் போடும்போது பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பல்லுல என்ன ஒட்டியிருக்கு?" என்றார்கள். பொங்கலுக்கு வீட்டில் ஒரு தூணுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி அந்த ரெண்டு பல் மட்டும் வெள்ளை வெளேர் என்று நின்றது. பிறகுதான் காரணம் புரிந்தது. முதலில் கிளீனிங் பண்ணி, பஞ்சு வைத்து, காற்றடித்துப் பல்லை உலர்த்திவிட்டு, அதற்கப்புறம் ஷேடு பார்த்திருக்கிறார்கள். உலர்ந்த பல் இயல்பை விட வெளுப்பாகத் தெரியுமாம். எச்சில் ஊறி மறுநாள் மற்ற பற்கள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. ஒட்டினது மட்டும் அப்படியே இருந்தது.

திருத்தி வாங்க நேரம் இல்லை. சீர்ப் பலகாரத்தில் இருந்த முந்திரிக்கொத்தை முன்பல்லால் கடித்தேன், ஒரு ஓரம் போயே போச்சு. அது என் தப்புதான். அதைக் கடிக்காதே என்று அவர்களும் சொல்லவில்லை.

ரெண்டு மாசம் கழித்து வேறு இடத்தில் முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். 6 வருஷமாக அது நன்றாக இருக்கிறது. அதனால் பாண்டிங் மேல் எனக்குக் குறையில்லை, ரெண்டு நாள் முன்னால் போனேனே, அதுதான் குறை.

குறுக்குத்துறை அண்ணாச்சி · ஜூன் 8

எங்க ஆத்துப் படியில விழுந்த பிள்ளையா நீ! அந்தப் பாசி இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.

எங்க காலத்தில் பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை பல்லை யாரும் பார்க்கவில்லை. வெற்றிலைக் காவி ஏறின வாய்தான் எல்லோருக்கும். இப்போது மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல் ஆகிவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஒருத்தர் சின்னக் கடை போட்டுப் பல் கட்டிக்கொடுப்பார். டாக்டர் இல்லை, கைவேலைக்காரர். அங்கே போனால் ஐந்நூறோடு முடிந்துவிடும்.

பாளை பல்டாக்டர் · ஜூன் 8

அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, அந்தக் கடை வேண்டவே வேண்டாம். சட்டப்படி மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்த பல் டாக்டர்தான் வாயில் கை வைக்கலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்படிக் கட்டின பல்லைக் கழற்றி, உள்ளே சீழ் பிடித்த ஈறைப் பார்க்கிற வேலை எங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு மூன்றாவது வருகிறது.

மதினி சொன்ன ஷேடு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நிறம் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும், வாய் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெண்கள் லிப்ஸ்டிக் போட்டு வரக் கூடாது. பல்லில் துளி மருந்தை ஒட்டாமல் வைத்து, லைட் அடித்து, நிறம் சேருகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். ரெண்டு நிமிஷ வேலை.

தம்மாம் தம்பியிடம் எனக்கு ஒரு கேள்வி. விலை, நாள் எல்லாம் அப்புறம். உடைந்த பல்லும் பக்கத்துப் பல்லும் ஒரே நிறமா? பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சளா, சாம்பலா? குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பல்லில் கூச்சம் தெரிகிறதா? அதற்கு மேலே ஈறில் எப்போதாவது பரு மாதிரி வந்து போனதா?

தம்மாம் தம்பி · ஜூன் 9

டாக்டர், நீங்கள் கேட்டதும் கொஞ்சம் பயந்துவிட்டேன். சைட்டில் வெயிலில் நின்று செல்போனில் எடுத்துப் பார்த்தேன். பக்கத்துப் பல்லை விட ஒரு மாதிரி சாம்பலாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் மூலை உடைந்ததை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐஸ் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், மற்றதெல்லாம் கூசுகிறது, அது மட்டும் மரக்கட்டை. பரு... ரெண்டு வருஷம் முன்னால் ஒன்று வந்து தானாக உடைந்து போனது. சூடு என்று நினைத்து மோர் குடித்தேன்.

பாளை பல்டாக்டர் · ஜூன் 9

போட்டோவை வைத்தும் எழுத்தை வைத்தும் நோய் இதுதான் என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் எந்தப் பல் டாக்டரும் முதலில் எக்ஸ்ரேதான் எடுப்பார்.

சின்ன வயதில் அடிபட்ட முன்பல் ரெண்டு விதமாகப் போகலாம். சிலருக்கு உள்ளே இருக்கிற வேர்க்குழாய் மெல்ல மெல்லத் தூர்ந்து பல் மஞ்சளாகும். அது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், சும்மா விட்டுவிடலாம். சிலருக்கு உள்ளே ரத்த ஓட்டம் நின்று பல் செத்துப்போகும். ரத்தத்தில் இருக்கிற இரும்புச் சத்து பல்லின் உள்சுவரில் ஊறிச் சாம்பல் நிறம் கொடுக்கும். செத்த பல் வலிக்காது, அதனால் யாரும் வருவதில்லை. வேர் நுனியில் சீழ் சேர்ந்து, வழி கிடைத்தால் ஈறில் பருவாக வெளியே வரும். மோர் குடித்ததால் அது அடங்கவில்லை, வடிந்ததால் அடங்கியது.

இந்த நிலையில் மேலே பாண்டிங் மட்டும் பண்ணினால் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். அது கல்யாண வாரத்தில் வீங்கினால் எந்தக் கேமராக்காரராலும் மறைக்க முடியாது.

எனவே ஊருக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. தம்மாமிலேயே இந்த வாரம் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

தம்மாம் தம்பி · ஜூன் 10

டாக்டர், நான் இங்கே எண்ணெய்க் கம்பெனி குழாய்களுக்குப் பெயிண்டிங் இன்ஸ்பெக்டர். இரும்பில் மணல் வீசித் துருவை எடுத்து, மேற்பரப்பை 50 முதல் 75 மைக்ரான் வரை சொரசொரப்பாக்கினால்தான் முதல் கோட்டுக்கே கையெழுத்துப் போடுவேன். இரும்பின் சூடு பனிப்புள்ளியை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) விட 3 டிகிரியாவது கூட இல்லையென்றால் வேலையை நிறுத்திவிடுவேன். துருவின் மேல் டாப் கோட் அடித்தவனை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இங்கே நான் கேட்டதும் அதே கேள்விதானே.

எக்ஸ்ரேக்கு நாள் வாங்கிவிட்டேன். பல்லில் ஒட்டுவது எப்படி என்று கொஞ்சம் சொல்லுங்கள், தொழில் புத்தி, தெரியாமல் தூக்கம் வராது.

பாளை பல்டாக்டர் · ஜூன் 10

சரியான ஆளிடம்தான் மாட்டியிருக்கிறேன். உங்கள் தொழிலுக்கும் இதற்கும் உறவே உண்டு. 1955இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர், உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் அமிலம் தடவுவதைப் பார்த்து, பல்லின் மேல் ஓடான எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் வைத்துச் சோதித்தார். 30 விநாடி வைத்துக் கழுவின பல்லில் ரெசின், அதாவது பிசின் மாதிரியான பொருள், பல மடங்கு நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கு நாங்கள் செய்வதற்கெல்லாம் அதுதான் ஆரம்பம். அவர் 85 சதவீத அமிலம் வைத்தார், நாங்கள் வைப்பது சுமார் 37 சதவீதம், நீல நிற ஜெல்.

எனாமல் என்பது நெருக்கி நட்ட கம்பிக் கட்டு மாதிரி. அமிலம் அதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைத் தோண்டும். உங்கள் 75 மைக்ரான் எல்லாம் கிடையாது, பத்து மைக்ரான் என்றாலே தாராளம். கழுவிக் காற்றடித்தால் அந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெளுக்கும். அதன் மேல் தண்ணியான பாண்டிங் திரவம், அது பள்ளங்களுக்குள் இறங்கி உறையும். பிறகு காம்போசிட், அதாவது கண்ணாடித் தூள் கலந்த ரெசின், களிமண் பதத்தில் இருக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் ஒவ்வொரு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல லைட் சுமார் 20 விநாடி. மொத்தமாக அப்பிவிட்டு லைட் அடித்தால் மேலே கல், உள்ளே மெழுகு.

உங்களுக்குப் பனிப்புள்ளி, எங்களுக்கு எச்சில். அமிலம் வைத்துக் கழுவின இடத்தில் துளி எச்சில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குத்தான் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுகிறோம். மாட்டினால் திணறுகிறது என்று எடுக்கச் சொல்லாதீர்கள்.

மூலை உடைந்த பல்லுக்குப் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. பல்லை ராவுவதும் ரொம்பக் குறைவு, ஓரத்தைச் சற்றுச் சாய்ப்போம், அவ்வளவுதான். பாலிஷ் பிடிப்பதில்தான் நிஜமான நேரம் போகும். 3 வருஷத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு, 10 வருஷம் கழித்து வந்தவர்களும் உண்டு.

வள்ளியூர் கேமரா · ஜூன் 11

15 வருஷமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன், என் பங்குக்கு ரெண்டு வார்த்தை.

மூடின உதட்டை எங்களால் சிரிக்க வைக்க முடியாது. உடைந்த பல்லை ஸ்டில்லில் ஒட்டவைத்துவிடலாம், ஆல்பத்துக்கு 60, 70 படம் என்றால் சரி. வீடியோவில் நாலு மணி நேரம் பேசுகிற பல்லைத் திருத்துவது கட்டுப்படி ஆகாது.

இன்னொன்று, காகித வெள்ளைக்கு ஆசைப்படாதீர்கள். மண்டபத்து எல்ஈடி வெளிச்சத்தில், முகத்தில் பவுடரும் நெற்றியில் சந்தனமுமாக நிற்கும்போது காகித வெள்ளைப் பல் தனியாக மிதக்கும். மெல்லிசைக் கச்சேரி மேடையில் ஊதா லைட் போடுகிறார்கள் அல்லவா, அதில் சில பேருக்கு ஒட்டின பல் மட்டும் கருப்பாகத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பாளை பல்டாக்டர் · ஜூன் 11

நல்ல கவனிப்பு. இயற்கைப் பல் ஊதா ஒளியில் லேசாக ஒளிரும். சில காம்போசிட்டில் அந்தக் குணம் இருக்கும், சிலதில் இருக்காது. மேடையில் ஊதா லைட் இருக்கும் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தர்மபுரி டு தென்காசி · ஜூன் 12

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்குத் தர்மபுரியில் வேலை, 8 வயது வரை அங்கே போர் தண்ணீர்தான் குடித்தோம். எனக்கும் தங்கைக்கும் முன்பற்களில் பழுப்புப் பட்டை. தென்காசிக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் "பல் தேய்க்க மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டே எனக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. தையில் தங்கைக்குக் கல்யாணம். இதற்கும் பாண்டிங் பண்ணலாமா?

பாளை பல்டாக்டர் · ஜூன் 12

ஃபுளோரைடு கறை. லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரைதான் குடிதண்ணீரில் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தர்மபுரிப் பக்கம் பல ஊர்களில் அது தாண்டியிருக்கும். ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் ஏறுகிற கறை அது, தேய்த்தால் போகாது. தேய்க்காததால் வந்ததும் இல்லை, இதைத் தங்கையிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

பண்ணலாம். ஆனால் அந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது, கூடுதல் நேரம் வைக்க வேண்டும். லேசான கறை என்றால் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி எடுக்கிற முறையிலேயே பாதி போய்விடும். மிச்சம் இருப்பதற்கு மட்டும் பாண்டிங். தை என்றால் ஐப்பசியிலேயே ஆரம்பியுங்கள்.

கல்லிடை அப்பளம் · ஜூன் 12

பாண்டிங் பண்ணின முதல் ரெண்டு நாள் நிறம் ஏறுகிற எதையும் சாப்பிடக் கூடாது என்று எங்கோ படித்தேன். காப்பி, டீ, மஞ்சள் எல்லாம் தடை. நம்ம ஊரில் மஞ்சள் இல்லாமல் என்ன இருக்கிறது?

மேலரதவீதி மதினி · ஜூன் 12

சொதி.

கல்லிடை அப்பளம் · ஜூன் 12

அடடா! தேங்காய்ப்பால், சிறுபருப்பு, வெள்ளை வெளேர். மாப்பிள்ளை, மறுவீட்டுச் சொதியை முன்னாடியே போடச் சொல்லிவிடுங்கள்.

தர்மபுரி டு தென்காசி · ஜூன் 12

எங்கள் வீட்டுச் சொதியில் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுவார்களே.

மேலரதவீதி மதினி · ஜூன் 12

அதற்குப் பெயர் குருமா.

குறுக்குத்துறை அண்ணாச்சி · ஜூன் 13

மதினி சொன்னதுதான் தீர்ப்பு. சொதிக்கு இஞ்சிச் சாறும் கடைசியில் எலுமிச்சையும் போதும், மஞ்சளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் டாக்டரம்மா, வெற்றிலை? கல்யாணத்தில் மாப்பிள்ளை தாம்பூலம் போடாமல் எப்படி?

பாளை பல்டாக்டர் · ஜூன் 13

ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது அண்ணாச்சி, போட்ட கையோடு வாய் கொப்பளித்தால் சரி. தினமும் போட்டால் காம்போசிட்டில் காவி ஏறும். ஏறினால் பிளீச்சிங் பண்ணியும் போகாது. பிளீச்சிங் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், ஒட்டினதை வெளுக்காது. அதனால்தான் வெள்ளையாக்க நினைப்பவர்கள் அதை முதலில் செய்துவிட்டு, ரெண்டு வாரம் விட்டு, நிறம் நிலைத்த பிறகு பாண்டிங்குக்கு வர வேண்டும். பிளீச் பண்ணின உடனே ஒட்டினால் பிடிமானமும் குறைவு, பல்லுக்குள் மிச்சமிருக்கிற ஆக்சிஜன் ரெசினை உறைய விடாது.

நெறியாளர் · ஜூன் 14

தனிச்செய்தியில் கிளினிக் பெயர் கேட்டும் கொடுத்தும் விளம்பரம் நடக்கிறது. நிறுத்திக்கொள்ளவும். சொதி விவாதத்துக்குச் சமையல் பகுதியில் தனி இழை இருக்கிறது.

தம்மாம் தம்பி · ஜூன் 20

எக்ஸ்ரே பார்த்தாயிற்று. வேர் நுனியில் கடலைப் பருப்பு அளவுக்குக் கருப்பு நிழல். பல் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்றார் இங்குள்ள மலையாளி டாக்டர். ரூட் கேனல் ஆரம்பித்துவிட்டார். கம்பெனி இன்சூரன்ஸ் அதற்கு உண்டு, அழகுக்குச் செய்வதற்குக் கிடையாது. செத்த பல் என்பதால் ஊசி கூடப் பெயருக்குத்தான்.

இப்போது குழப்பம் வேறு. ரூட் கேனல் பண்ணின பல்லுக்குக் கேப் போட்டே ஆக வேண்டும் என்கிறான் ரூம்மேட். வினீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) போடு, அதுதான் நிரந்தரம் என்கிறார் சூப்பர்வைசர். ஊரில் விசாரித்ததில் பீங்கான் வினீருக்கு ஒரு பல்லுக்கே 10,000 ரூபாய்க்குக் கூடச் சொல்கிறார்கள். காவல்கிணற்றுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் குறைவாக முடியும் என்று மச்சினன் சொல்கிறான். நாள்தான் நிறைய வேண்டுமாம்.

பாளை பல்டாக்டர் · ஜூன் 21

கடைவாய்ப் பல்லுக்கு ரூம்மேட் சொல்வது சரி, அரைக்கிற பாரம் அங்கேதான். முன்பல்லில் ஒரு மூலை தவிர மிச்சமெல்லாம் நன்றாக இருந்தால் கேப் அவசியமில்லை. கேப்புக்குச் சுற்றிலும் ராவ வேண்டும், ராவினது திரும்ப வளராது. 30 வயதில் நான் அவசரப்பட மாட்டேன். வினீர் நல்லதுதான், ஆனால் அளவெடுத்து லேபுக்குப் போய் வர ரெண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். உடைந்தால் பெரும்பாலும் புதிதுதான். காம்போசிட் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

சாம்பல் நிறத்துக்கு உள்ளேயிருந்து பிளீச் பண்ணச் சொல்லிக் கேளுங்கள். வேர்க்குழாயை அடைத்து, அதன் மேல் 2 மில்லிமீட்டர் தடுப்பு வைத்து, பல்லுக்குள் மருந்தை வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்புவார்கள். வாரம் ஒரு தடவை மாற்றினால் மூன்று நாலு தடவையில் சாம்பல் வெளுத்துவரும். பக்கத்துப் பல்லை விட ஒரு இழை வெளுப்பாக நிறுத்தினால் நல்லது, பழைய நிறம் கொஞ்சம் திரும்பி வரும். அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னாளில் வேர் கரைகிற ஆபத்து உண்டு.

தம்மாம் தம்பி · ஆகஸ்ட் 2

ஆறு வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். ரூட் கேனல் ஜூலை முதல் வாரம் முடிந்தது. உள் பிளீச்சிங் மூன்று தடவை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். ரெண்டாவது வாரம் கண்ணாடியில் பார்த்து நானே திடுக்கிட்டேன். சாம்பல் போய்விட்டது. நேற்று மருந்தை எடுத்துவிட்டுத் தற்காலிக அடைப்பு வைத்தார்கள். 12ஆம் தேதி ஊருக்கு வருகிறேன், 18ஆம் தேதி பாளையங்கோட்டையில் நாள் வாங்கியிருக்கிறேன். கணக்கு சரிதானே?

பாளை பல்டாக்டர் · ஆகஸ்ட் 2

சரி. ரெண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி, கல்யாணத்துக்கு முன்னால் திருத்தம் ஏதாவது இருந்தால் பத்து நாளுக்கு மேல் கையில். காலை நேரமாக வாங்கியிருக்கிறீர்கள்தானே?

தம்மாம் தம்பி · ஆகஸ்ட் 19

காலை 10 மணிக்குத்தான் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து முதலில் நிறம் பார்த்தார்கள். நான் கேட்கும் முன்பே துளி மருந்து வைத்துக் காட்டினார்கள். வெளியே ஒரு ஷேடு, உள்ளே கொஞ்சம் அடர்த்தியான ஷேடு, ரெண்டு போட்டார்கள். இயற்கைப் பல்லின் நுனி கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்குமாம், அதற்கு இன்னொன்று. ஒரு பல்லுக்கு ஒன்றேகால் மணி நேரம், 3,000 ரூபாய், பின்பக்க அடைப்பும் சேர்த்து. அமிலம் வைத்துக் கழுவினதும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். சாக்பீஸ் வெள்ளை! எங்கள் சைட்டில் இவ்வளவு சுத்தமான பிளாஸ்டிங் பார்த்ததே இல்லை, கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். வாயில் ரப்பர் ஷீட் இருந்ததால் அவர்களுக்குப் புரியவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுகிற மாதிரி இருந்தது. காலையில் மறுபடி போய்க் கடி சரிபார்த்து லேசாகத் தேய்த்துவிட்டு வந்தேன், 5 நிமிஷம். கல்யாணத்துக்கு முந்தின நாள் பண்ணியிருந்தால் இதற்கு எங்கே நேரம்?

டாக்டர், ஒருவேளை நீங்கள்தானோ என்று கூட நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

மேலரதவீதி மதினி · ஆகஸ்ட் 19

ரெண்டு நாள் சாப்பாடு என்ன?

தம்மாம் தம்பி · ஆகஸ்ட் 20

இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம். அம்மா சொதியும் வைத்தாள், மஞ்சள் இல்லாமல்.

தம்மாம் தம்பி · செப்டம்பர் 21

மறுபடியும் தம்மாம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சீர் முந்திரிக்கொத்தை ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொண்டேன். தாம்பூலம் ஒரு தடவை, கொப்பளித்தாயிற்று அண்ணாச்சி. ஆல்பம் வந்தது. முதல் பத்துப் படத்தில் பழக்க தோஷத்தில் வாயை மூடித்தான் நிற்கிறேன், முகூர்த்தம் முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டில் அவள் கேட்கிறாள், "பல்லுல என்ன பண்ணுனீங்க? எனக்கு ஒண்ணுமே வித்தியாசம் தெரியலையே?" 19 வருஷம் நான் மறைத்ததை அவள் கவனித்ததே இல்லையாம்.

ஒரு சந்தேகம்: நாக்கால் தடவினால் ஓரத்தில் லேசாக ஒரு திட்டு தட்டுப்படுகிறது. வலி இல்லை.

பாளை பல்டாக்டர் · செப்டம்பர் 21

வாழ்த்துகள் இருவருக்கும். அது பாலிஷில் சரியாகிவிடும், அங்கேயே பண்ணிக்கொள்ளலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். வேர் நுனி நிழல் சுருங்குகிறதா என்று ஆறு மாசத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். தைக்கு ஊருக்கு வந்தால் பனங்கிழங்கை முன்பல்லால் கடித்து நார் இழுக்கிற வேலை கூடாது.

வண்ணார்பேட்டை அம்மா · செப்டம்பர் 23, மாலை 5:10

அவசரம். இப்போதுதான் இந்த இழை கண்ணில் பட்டது. என் மகனுக்கு 9 வயது, சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. ரத்தம் நின்றுவிட்டது. உடைந்த துண்டு கையில் இருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பாளை பல்டாக்டர் · செப்டம்பர் 23, மாலை 5:14

போடாதீர்கள் அம்மா! துண்டை உடனே ஒரு டம்ளர் பாலில் போடுங்கள், பால் இல்லையென்றால் தண்ணீர். காயவிடக் கூடாது. அதையே திரும்ப ஒட்டிவிட முடியலாம், நிறம் தேட வேண்டிய வேலையே இல்லை. பையனையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு இப்போதே பக்கத்தில் எந்தப் பல் டாக்டர் இருக்கிறாரோ அங்கே போங்கள். வேர் இன்னும் முழுசாக வளராத வயது, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வலி நின்றாலும் போக வேண்டும்.

வண்ணார்பேட்டை அம்மா · செப்டம்பர் 23, இரவு 8:40

ஒட்டிவிட்டார்கள். கோடு கூடத் தெரியவில்லை. ஒரு மாசம், மூன்று மாசம், ஆறு மாசம் என்று வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப நன்றி டாக்டர்.

தம்மாம் தம்பி · செப்டம்பர் 23

என் துண்டு இன்னும் குறுக்குத்துறைப் படிக்கு அடியில்தான் எங்கேயோ கிடக்கிறது.

குறுக்குத்துறை அண்ணாச்சி · செப்டம்பர் 24

காலையில குளிக்கப் போகும்போது பார்க்கிறேன் தம்பி.